‘இல் ஃபோ கெ’ என்று தொடங்குங்கள்: மலையகத்தில் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு

நல்லதண்ணியில் ஒரு ஜனவரி இரவு. சிவனொளிபாதமலை ஏற வந்திருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதியிடம், அதிகாலை இரண்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அப்போது எனக்கு ஒன்றரை வருடப் பிரெஞ்சு. ‘இல் ஃபோ கெ வூஸெத் லா ஆ தெஸேர்’ என்றேன். அந்த அம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, ‘இல் ஃபோ கெ நூ ஸ்வாயோன் லா ஆ தெஸேர். தக்கோர்’ என்றார். நான் ‘எத்’ என்று சொன்ன இடத்தில் அவர் வாயில் ‘ஸ்வாயோன்’ வந்தது. திருத்துகிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் திருத்திவிட்டார். அன்று படி ஏறும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல் சுப்ஜோன்க்தீஃப் என்ற வினை வடிவத்தைச் சேர்ந்தது. எல்ல, அப்புத்தளை, நுவரெலியா பக்கம் வழிகாட்டியாகவோ விருந்தினர் விடுதியிலோ வேலை செய்கிறவர்கள், உயர்தரத்துக்குப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள், டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சை எழுத நினைப்பவர்கள் என்று பலரும் இந்த இடத்தில்தான் தட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்கிறேன். பதினைந்து இருபது வினைகளின் நிகழ்காலம் தெரிந்திருந்தால் போதும், இதைத் தொடங்கிவிடலாம். ஒழுங்கு மீறிய வினைகளைக் கண்டு பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஒலி

இங்கே பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலியாகத் தருகிறேன். எழுத்துக்கூட்டலை உங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காதில் ஏறிய பிறகு எழுத்து சுலபம். எழுத்தில் தொடங்கினால் ஆறு வடிவமும் ஆறு விதமாக இருப்பதைப் பார்த்துத் தலை சுற்றும்.

மூன்று குறிப்புகளை மனதில் வையுங்கள். ‘யோன்’ என்று முடியும்போது கடைசி ‘ன்’னுக்கு நாக்கு மேலே தொடக் கூடாது, ஒலி மூக்கு வழியே போய் நின்றுவிட வேண்டும். ‘வூஸெயே’ போல இரு உயிர்களுக்கு நடுவே வரும் ‘ஸ’ தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும். ‘ஜெ’, ‘கெ’, ‘தெ’ ஆகியவற்றில் உள்ள எகரம் அரைகுறை எகரம், பாதியை விழுங்கிவிடுங்கள்.

அந்த ‘கெ’யைப் பற்றி இன்னொன்று. அதற்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் எகரம் ஓடிவிடும்: ‘கெ’யும் ‘இல்’லும் சேர்ந்து ‘கில்’, ‘கெ’யும் ‘ஓன்’னும் சேர்ந்து ‘கோன்’. நமக்கு இது புதிதே இல்லை. பாட்டும் ஒன்றும் சேர்ந்தால் பாட்டொன்று ஆவது போலத்தான். குற்றியலுகரப் புணர்ச்சி படித்த நாம் இதற்குப் பயப்படலாமா?

எப்போது இந்த வடிவம்?

நடந்ததை, நடப்பதை, நடக்கப்போவதைச் செய்தியாகச் சொன்னால் பிரெஞ்சில் சாதாரண வடிவம். ஒன்று நடக்க வேண்டும், நடந்தால் சந்தோஷம், நடந்துவிடுமோ என்று பயம், நடக்குமா என்று சந்தேகம் என்றால் வினை உடுப்பை மாற்றிக்கொள்ளும். அதுதான் சுப்ஜோன்க்தீஃப்.

நம்மிடம் வியங்கோள் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வாழ்க’ என்பதற்கு அவர்கள் ‘வீவ்’ என்பார்கள். ‘வீவ் லா ரெப்யூப்லிக்’ என்றால் குடியரசு வாழ்க. அந்த ‘வீவ்’ இந்த வடிவம்தான். ‘அவன் வரட்டும்’ என்பதற்கு ‘கில் வியென்’. ஆனால் ஒப்புமை இதற்கு மேல் நீளாது. ‘வேண்டும்’, ‘முன்’ வரும் இடங்களில் நாம் ‘இருக்க’, ‘பெய்வதற்கு’ என்று எச்சத்தையோ தொழிற்பெயரையோ போட்டுச் சமாளிக்கிறோம். அவர்கள் அங்கே ஒரு முழு வினைமுற்றைப் போடுகிறார்கள்.

சொல் வரிசையில் நமக்கு ஒரு வசதியும் கிடைக்கிறது. ‘நீங்கள் இரண்டு மணிக்கு இங்கே இருக்க வேண்டும்’ என்றால் வேண்டும் கடைசியில் வருகிறது. பிரெஞ்சில் அது முதலில் வருகிறது: ‘இல் ஃபோ கெ’. வாயைத் திறந்தவுடனேயே பின்னால் வரப்போகும் வினை எந்த உடுப்பில் வர வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அதனால்தான் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் வினை வடிவத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. ‘இல் ஃபோ கெ’யோடு சேர்த்துத்தான். ‘ஸ்வா’ என்று தனியாக மனப்பாடம் செய்தவருக்குப் பேசும்போது அது வராது. ‘இல் ஃபோ கில் ஸ்வா’ என்று ஒரே மூச்சில் பழகியவருக்குத் தானாக வரும்.

முதல் வாரம்: இரண்டே வினைகள்

‘இரு’ என்பதற்கான எத்ர், ‘உடைத்தாயிரு’ என்பதற்கான அவ்வார். இந்த இரண்டும் எந்த விதிக்குள்ளும் அடங்காது, ஆனால் எல்லாவற்றுக்கும் இவைதான் வேண்டும். ஒரு முழு வாரம் இவற்றுக்கே கொடுங்கள்.

எத்ர்: ‘கெ ஜெ ஸ்வா’, ‘கெ த்யூ ஸ்வா’, ‘கில் ஸ்வா’, ‘கெ நூ ஸ்வாயோன்’, ‘கெ வூ ஸ்வாயே’, பன்மைக்கும் ‘கில் ஸ்வா’. ஆறில் நான்கு காதுக்கு ஒன்றே. ஆக மூன்று ஒலிகள்: ஸ்வா, ஸ்வாயோன், ஸ்வாயே.

அவ்வார்: ‘கெ ஜெ’, ‘கெ த்யூ எ’, ‘கில் எ’, ‘கெ நூஸெயோன்’, ‘கெ வூஸெயே’, பன்மைக்கு ‘கில்ஸெ’. முதலாவதில் ‘ஜெ’யோடு வினையான ‘எ’ ஒட்டிவிட்டது, அதனால் அந்த ‘ஜெ’யில் எகரத்தை விழுங்காமல் முழுதாகச் சொல்லுங்கள். கடைசியில் அந்த அதிரும் ‘ஸ’ இருக்கிறதே, ஒருமையிலிருந்து பன்மையைப் பிரித்துக் காட்டுவது அது ஒன்றுதான்.

நம் ஊர் வேலைக்கு நேரே பயன்படும் வாக்கியங்களில் இவற்றைப் போட்டுப் பழகுங்கள். கோச்சி பிந்தி வரக்கூடும் என்று சொல்ல: ‘இல் ஸெ பெ கெ லெ த்ரேன் ஸ்வா ஆன் ரெதார்’. நுவரெலியாவுக்கு மெல்லிய சட்டையோடு வந்து நிற்பவரிடம்: ‘ஜே பெர் கெ வூஸெயே ஃப்ர்வா’, உங்களுக்குக் குளிருமோ என்று பயமாக இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களை ஏன் விடியும் முன்பே எழுப்புகிறோம் என்று விளக்க: ‘அவான் கில் யெ த்யூ ப்ரூயார்’, மூடுபனி வருவதற்கு முன். காலை ஒன்பது பத்து மணிக்கு அங்கே ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பை மேகம் மூடிவிடும் என்பது நமக்குத் தெரியும், பாரிஸிலிருந்து வந்தவருக்குத் தெரியாதே.

ஒரே அடிச்சொல்லை விடாமல் பிடிக்கும் மூன்று

ஃபேர் (செய்), பூவுவார் (முடி, இயலு), ஸாவுவார் (அறி). இந்த மூன்றும் பழைய முகத்தை முழுதாக விட்டுவிட்டுப் புது முகத்தோடு வரும், ஆனால் ஆறு இடத்திலும் அதே முகம். அதனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், இவை சுலபம்.

ஃபேர் என்பது ‘ஃபாஸ்’ ஆகும். ‘இல் ஃபோ கெ ஜெ ஃபாஸ் த்யூ தே’ என்றால் நான் தேநீர் போட வேண்டும். அந்தத் ‘தே’ நம் தேயிலையில் இருக்கும் அதே ‘தே’. நூ (நாங்கள்), வூ (நீங்கள்) வந்தால் ஃபாஸ்யோன், ஃபாஸ்யே.

பூவுவார் ‘புயிஸ்’ ஆகும். உதட்டைக் குவித்துக்கொண்டே ‘பு’விலிருந்து ‘யி’க்குத் தாவுங்கள். ‘பூர் கெ வூ புயிஸ்யே தோர்மீர்’, நீங்கள் தூங்கக்கூடியதாக இருக்க. விடுதியில் வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் தேவைப்படும் வாக்கியம்.

ஸாவுவார் ‘ஸாஷ்’ ஆகும். ‘ஜெ வெ கெ வூ ஸாஷ்யே’, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நூ, வூ வந்தால் பின்வாங்கும் வினைகள்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். ‘போ’ என்பதற்கான அலே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமையில் ‘ஆய்’: ‘இல் ஃபோ கெ ஜாய்’, நான் போக வேண்டும். ஆனால் நூ, வூ வந்ததும் பழைய அடிச்சொல்லுக்குத் திரும்பிவிடும்: ‘கெ நூஸல்யோன்’, ‘கெ வூஸல்யே’. மூன்றாம் பன்மையில் மறுபடி ‘கில்ஸாய்’. ‘விரும்பு’ என்பதற்கான வூலுவாரும் அப்படித்தான்: ஒருமையில் ‘வெய்’, நூவுக்கு ‘வூல்யோன்’, வூவுக்கு ‘வூல்யே’.

அறிவிப்புப் பலகைகளிலும் கடிதங்களிலும் ‘வெயே’ என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ‘தயவுசெய்து’ என்ற அர்த்தத்தில் வரும் ஏவல். அதைப் பார்த்து ‘கெ வூ வெயே’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘கெ வூ வூல்யே’தான் சரி.

இதே பின்வாங்கும் பழக்கம் அன்றாட வினைகள் பலவற்றுக்கு உண்டு. வெனீர் (வா) ‘வியென்’, ஆனால் ‘வென்யோன்’. ப்ராந்த்ர் (எடு) ‘ப்ரென்’, ஆனால் அரைகுறை எகரத்தோடு ‘ப்ரென்யோன்’. ப்வார் (குடி) ‘ப்வாவ்’, ஆனால் ‘ப்யூவ்யோன்’. ஒரே வினைக்கு இரண்டு அடிச்சொல்லா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ‘வா’ என்ற நம் சொல்லைப் பாருங்கள்: வந்தான், வருகிறான், வாருங்கள். அதை யாரும் நமக்கு அட்டவணை போட்டுக் கற்றுத்தரவில்லை. அம்மா வாயிலிருந்து வந்ததை அப்படியே பிடித்துக்கொண்டோம்.

இதில் மனப்பாடச் சுமையைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வழி உண்டு. பின்வாங்கும் வினைகளின் நூ, வூ வடிவங்கள், ஏற்கனவே நீங்கள் படித்திருக்கும் இறந்தகாலமான ஏன்பார்ஃபே வடிவங்களேதான். ‘நூஸல்யோன்’, ‘வூ வென்யே’ எல்லாம் அங்கே படித்தவை. எத்ர், அவ்வார், ஃபேர், பூவுவார், ஸாவுவார் ஆகிய ஐந்துக்கு மட்டும் இது பொருந்தாது.

மற்ற வினைகள்: கடைசி மெய் விழித்துக்கொள்ளும்

மீதி வினைகளுக்கு விதி ஒன்றுதான். நிகழ்காலப் பன்மையான ‘அவர்கள்’ வடிவத்தை எடுத்து, அந்த ஒலியை ஒருமைக்கும் கொடுங்கள். பார்த்தீர் (புறப்படு) வினையில் ‘அவன் புறப்படுகிறான்’ என்பது ‘இல் பார்’, ‘அவர்கள்’ என்றால் ‘இல் பார்த்’. ஒருமையில் தூங்கிக்கொண்டிருந்த ‘த்’ பன்மையில் விழித்துவிட்டது. சுப்ஜோன்க்தீஃபில் அது எல்லா இடத்திலும் விழித்தே இருக்கும்: ‘இல் ஃபோ கில் பார்த்’. அதே மாதிரி ஃபினீர் (முடி) ‘ஃபினிஸ்’, மெத்ர் (வை) ‘மெத்’, தீர் (சொல்) அதிரும் ஸகரத்தோடு ‘தீஸ்’. நூ, வூவுக்குப் பின்னால் ‘யோன்’, ‘யே’ ஒட்டிக்கொள்ளுங்கள். பார்லே (பேசு) போன்ற முதல் வகுப்பு வினைகளில் ஒருமைக்குக் காதால் எந்த வித்தியாசமும் கேட்காது, அங்கே உங்களுக்கு வேலையே இல்லை.

மழைக்கு ‘இல் ப்லெவ்’. மலைநாட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாது. ‘பியேன் கில் ப்லெவ்’, மழை பெய்தாலும். ‘அவான் கில் ப்லெவ்’, மழை பெய்யும் முன். சிலர் இரண்டாவதில் ஒரு ‘நெ’ சேர்த்து ‘அவான் கில் நெ ப்லெவ்’ என்பார்கள். அந்த ‘நெ’ இல்லை என்ற அர்த்தத்தில் வரவில்லை, மரியாதையான நடைக்காக வருவது. மழை பெய்யாது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு குடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பழகும் முறை

என்னிடம் படிக்க வந்த ஒரு தங்கச்சி கண்டுபிடித்த முறையைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளை, லயத்தில் வீடு. அட்டவணையை எத்தனை தரம் எழுதினாலும் நிற்கவில்லை என்று வருத்தப்பட்டாள். ஒரு நாள் சின்னக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். காலை ஐந்து மணியிலிருந்து அம்மா கொழுந்தெடுக்கக் கிளம்பும் வரை எத்தனை ‘ணும்’ சொன்னார் என்று எழுதி வைத்திருந்தாள். தண்ணி எடுக்கப் போகணும். மழைக்கு முந்தி விறகை உள்ளே வைக்கணும். தம்பி பாடம் செய்யணும். நான் பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நேரத்துக்கு இருக்கணும். ஒவ்வொன்றுக்கும் நேரே பிரெஞ்சு:

‘இல் ஃபோ கெ ஜாய் ஷெர்ஷே தெ லோ.’
‘இல் ஃபோ கெ ஜெ மெத் லெ ப்வா ஆ லாப்ரி அவான் கில் ப்லெவ்.’
‘இல் ஃபோ கில் ஃபாஸ் ஸே தெவ்வார்.’
‘இல் ஃபோ கெ ஜெ ஸ்வா ஆ லேர்.’

நான்கு வரியில் அலே, மெத்ர், மழை, ஃபேர், எத்ர் என்று ஐந்து வினைகள் வந்துவிட்டன, எல்லாம் அவளுடைய சொந்த வீட்டு வாக்கியங்கள். உங்கள் வீட்டிலும் ‘ணும்’முக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு நாளைக்கு ஐந்து பிடியுங்கள். எழுதியதைச் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்.

காதுக்கு, ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி தினமும் பத்து நிமிடம் வருகிறது. தோட்டத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் டவுனில் இறக்கி வைத்துக்கொண்டு இரவில் கேட்கலாம். பேச்சில் ‘இல்’ விழுந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்: ‘இல் ஃபோ கெ ஜாய்’ என்பது ‘ஃபோக் ஜாய்’ என்றுதான் காதில் விழும். எனக்கு ஆரம்பத்தில் இது புரியவே இல்லை. வேறு ஏதோ சொல் என்று நினைத்து அகராதியில் தேடியிருக்கிறேன்.

நேரில் படிக்க வேண்டுமானால் கண்டியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. டெல்ஃப் பி1 எழுதுகிறவர்களுக்கு: நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி, மொத்தம் 100. தேற 50 வேண்டும், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. பேச்சுப் பகுதியில் ‘இல் ஃபோ கெ’, ‘பூர் கெ’, ‘பியேன் கெ’ மூன்றையும் சரியான வினையோடு ஒவ்வொரு தரமாவது போட்டுவிடுங்கள்.

வழுக்கும் இடங்கள்

எல்லா ‘கெ’யும் இந்த வடிவத்தைக் கேட்காது. ‘ஜெஸ்பேர் கெ’, நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன் என்பதற்குப் பின்னால் சாதாரண வடிவம்தான்: ‘ஜெஸ்பேர் கெ வூ வியேந்த்ரே’. விருப்பம் மாதிரித் தோன்றினாலும் பிரெஞ்சுக்காரர் இதை நடக்கும் என்ற கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஜெ பான்ஸ் கெ’, நினைக்கிறேன் என்பதும் அப்படியே. ஆனால் ‘நினைக்கவில்லை’ என்று எதிர்மறையானால் பெரும்பாலும் சுப்ஜோன்க்தீஃப் வரும். ‘முன்’னுக்கு அவான் கெ, சுப்ஜோன்க்தீஃப். ‘பின்’னுக்கு ஆப்ரே கெ, சாதாரண வடிவம், பின்னால் என்றால் அது நடந்து முடிந்தாயிற்றே. இதில் பிரெஞ்சுக்காரர்களே நிறையப் பேர் மாற்றிச் சொல்வதுண்டு, ஆனால் பரீட்சையில் இலக்கணப்படி எழுதுங்கள்.

அப்புறம், செய்கிறவர் ஒரே ஆளாக இருந்தால் ‘விரும்பு’வுக்குப் பின்னால் ‘கெ’ வராது. ‘நான் போக விரும்புகிறேன்’ என்பதற்கு ‘ஜெ வெ பார்த்தீர்’. ‘நீங்கள் போக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்றால் ‘ஜெ வெ கெ வூ பார்த்யே’. தமிழிலும் முதலாவதில் ‘என்று’ இல்லை, இரண்டாவதில் இருக்கிறது, கவனித்தீர்களா? இந்த வினையைப் பொறுத்தவரை நம் ‘என்று’ வந்தால் அவர்களுடைய ‘கெ’ வரும்.

எதிர்காலத்துக்கென்று இந்த வடிவத்தில் தனியாக ஒன்று இல்லை, நாளைக்கும் இதையே சொல்லலாம். நடந்து முடிந்ததைச் சொல்ல, முதல் வாரம் படித்த ஸ்வா, எ இரண்டில் ஒன்றைப் போட்டுப் பின்னால் இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் சரி. ஒரு வாக்கியத்தை மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். விருந்தினர் பையைத் தூக்கி ஓட்டோவில் வைத்த பிறகு சொல்ல: ‘ஜெ ஸுயி கோந்தான் கெ வூ ஸ்வாயே வென்யூ’, நீங்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம். சொல்கிறவர் பெண் என்றால் ‘கோந்தாந்த்’.